எலி இல்லாத தீவுக்குப் பெட்டி கட்டினோம்

நீங்கள் இரண்டு பேரும் லாகரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். இன்னும் ஒருவரும் ஓடிப்போகவில்லை என்பதால் நம்பி எழுதுகிறேன்.

லாகர் என்று நாங்கள் சொல்லும் அந்தக் களஞ்சியத்தில், ஹனோவருக்கு வெளியே, சீனி எடுக்கும் பீட் கிழங்கு வயல்களுக்கு நடுவே, பல வருடங்கள் நான் பெட்டி கட்டினேன். ஆராய்ச்சிக்காரர்கள் உலகத்தின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் போவார்கள். அவர்களுடைய கூடாரம், சப்பாத்து, ஓட்ஸ், கழிப்பறைத் தாள் எல்லாவற்றையும் கட்டி அனுப்புவது நாங்கள். ஓய்வுபெற்ற அன்று எனக்கு ஒரு பூச்செண்டும் ஒரு சுவர்க் கடிகாரமும் தந்தார்கள். இனி நேரம் பார்க்கத் தேவையில்லாதவனுக்கு எதற்குக் கடிகாரம் என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நீங்களும் அங்கே பகிடி விட்டுப் பழகவேண்டாம்.

தம்பி, நீ கோயம்புத்தூரில் பொறியியல் படித்து வந்தவன். உன் கணினி ஒவ்வொரு பெட்டியின் எடையையும் சொல்லும், எந்த வரிசையில் நிற்கிறது என்றும் காட்டும். தங்கச்சி, நீ இங்கேயே பிறந்தவள், உன் ஜெர்மனுக்கு முன்னால் நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் பெட்டிக்குள் எங்களைக் கேட்காமல் என்ன ஏறியிருக்கிறது என்பதைக் கணினியும் சொல்லாது, ஜெர்மனும் சொல்லாது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் எங்கள் லாகரிலிருந்து ஒரு தீவுக்குச் சாமான் போனது. இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் இருக்கிறது. எங்கள் ஊர்க் கடல்தான் என்றும் சொல்லலாம். அதே தண்ணீரில் தெற்கே போய்க்கொண்டே இருந்தால், கை விறைத்து, வயிறு புரட்டி, இனி ஏலாது என்று அழும் இடத்தில் அது வரும். சின்னத் தீவு. மனிதர் வசிப்பதில்லை. மரம் கிடையாது. காற்றுக்கு மட்டும் குறைவில்லை. கூடாரத்தைக் கல் வைத்துக் கட்டினாலும் கல்லோடு போகும் என்பார்கள்.

மரம் இல்லாததால் அங்கே எல்லாப் பறவைகளும் தரையில்தான் குடும்பம் நடத்தும். பெங்குவின்கள் கரையில் கூட்டமாக நின்று சண்டை பிடிக்கும். அல்பட்ராஸ் மேட்டில் மண்ணால் ஒரு பீடம் கட்டி, அதன்மேல் முட்டையை வைத்துக்கொண்டு அமைச்சர் மாதிரி இருக்கும். பெட்ரல் என்ற சின்னப் பறவை சேற்று மண்ணுக்குள் கை நீளத்துக்கு வளை தோண்டி, உள்ளே படுத்திருக்கும்.

நான் ஒரு நாளும் அங்கே போகவில்லை. அங்கே போய்வந்த சப்பாத்துகளை மட்டும் வருடக்கணக்காகக் கழுவியிருக்கிறேன். அந்தச் சேற்றின் நாற்றம் இந்த வயதிலும் மூக்கில் இருக்கிறது.

முதல் வருடம் என் வேலை உதறுவது, கழுவுவது, பொறுக்குவது. தீவுக்குப் போகும் ஒவ்வொரு உடுப்பையும் உட்பக்கம் வெளியே திருப்பவேண்டும். சட்டைப்பையின் மூலையில் கிடக்கும் தூசியை ஊசியால் கிண்டவேண்டும். பறபறவென்று கிழித்துத் திறக்கும் ஒட்டுப்பட்டியில் சிக்கிய புல்விதையைச் சாவணம் என்ற சின்ன இடுக்கியால் எடுக்கவேண்டும். விசர் பிடித்தவர்கள் என்றுதான் நினைத்தேன். நான் இந்த நாட்டுக்குள் வந்தது தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு லொறியின் பின்பக்கத்தில். எல்லையில் பிடித்த பொலிஸ்காரன்கூட என் சட்டைப்பையை இவ்வளவு வடிவாகப் பார்க்கவில்லை.

ஆகவே ஒரு நாள் பதினாலு ஜக்கெட்டில் பதினொன்றைப் பார்த்தேன். மீதி மூன்றையும் சும்மா உதறி மடித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது மேசையருகே ஒரு பெண் நின்றாள். பெட்ரல் பறவைகளை ஆராய்கிறவள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். எங்களுக்குள் அவளைப் பறவைக்காரி என்று சொல்வோம். பெயரை எழுதமாட்டேன். பெயர் போட்டுப் புகழ்ந்தால் இப்போதும் ரயில் பிடித்து வந்து ஏசுவாள். அந்த மூன்று ஜக்கெட்டில் ஒன்று அவளுடையது. அதன் பையை வெள்ளைத்தாளின்மேல் கவிழ்த்து, தட்டி, என்னைப் பார்த்தாள். மூன்று விதை விழுந்திருந்தது.

"இது என்ன?" என்றாள்.

"புல்."

"இங்கே இது புல். அங்கே போனால் இதுதான் அரசாங்கம்."

பிறகு சட்டைக் கையைச் சுருட்டி முன்கையைக் காட்டினாள். வாழைப்பழத்தைச் சேவல் கொத்தியது மாதிரி முழுக்கத் தழும்பு. வளைக்குள் கை விட்டால் உள்ளே இருப்பவர் கொத்தத்தானே செய்வார். ஒரு துணிப்பையையும் எடுத்து என் மூக்கில் பிடித்தாள். பிடித்த பறவையை நிறுக்கும்வரை போட்டு வைக்கும் பை அது. கருவாட்டுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கலியாணம் நடந்த வீட்டு நாற்றம்.

"புறா அளவு பறவை," என்றாள். "மாதக்கணக்காகக் கடலில் அலைந்துவிட்டு அதே வளைக்குத் திரும்பி வரும். வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. நாலு காலில் ஒரு பிராணி உள்ளே வந்தால் பயப்படவேண்டும் என்று அதற்குத் தெரியாது, ஏனென்றால் அப்படி ஒன்று அங்கே இருந்ததேயில்லை. பக்கத்துத் தீவுகளுக்குக் கடல்நாய் வேட்டைக் கப்பல்கள் எலியைக் கொண்டுபோய் விட்டன. அங்கே வளைகள் இருக்கின்றன. உள்ளே ஒன்றுமில்லை."

அவள் மேலிடத்தில் முறையிடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு சாவணத்தை எடுத்து, பதினாலு ஜக்கெட்டையும் முதலிலிருந்து என்னோடு சேர்ந்து பார்த்தாள். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். உங்கள் பிழையைச் சொல்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து சாவணத்தைத் தூக்கினால் அவரை நம்பலாம். மின்னஞ்சல் அனுப்புகிறவரை எப்படி நம்புவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இனிப் பெரிய கதை.

எனக்கு அங்கே நாலாவது வருடம். ஆவணி முடிந்து வயல்களில் அறுவடை நடந்த காலம். லாகருக்குள் வெக்கை தாங்காமல் பின்கதவை ஒரு செங்கல் வைத்துத் திறந்து வைத்தேன். திறக்கக்கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. ஜெர்மன்காரர் கதவுக்குக் கதவு ஏதாவது எழுதி ஒட்டுவார்கள், எல்லாவற்றையும் வாசித்தால் ஆயுள் போய்விடும் என்பது அப்போதைய என் கொள்கை. ஒரு கிழமை, ஏழு நாளும், திறந்திருந்தது. கடைசியில் எல்லாப் பெட்டிகளையும் சுற்றிப் பார்த்து, எலி இல்லை, விதை இல்லை என்ற படிவத்தில் கையெழுத்தும் போட்டேன்.

லொறி வரும் நாள். பிற்பகல் இரண்டு மணிக்குச் சாமானை ஏற்றிப் பிரெமர்ஹாஃபன் துறைமுகத்துக்கு அனுப்பவேண்டும். மறுநாள் கப்பல் புறப்படும். காலை எட்டு மணிக்கு ஓட்ஸ் பெட்டியின் மூடியில் நான் கண்டது நாலு கறுப்பு மணி.

என்னோடு பெட்டி கட்டியவர் ரெஜினா அக்கா. மன்னார்க்காரி. ஒரே அடியில் ஆணியை இறக்குவார். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போவார், மற்ற ஆறு நாளும் வாயில் வருவதெல்லாம் பாவம்.

"அக்கா, இஞ்ச ஒருக்கா வாங்கோ. இது என்ன?"

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். "கருஞ்சீரகம்."

"அக்கா..."

"கருஞ்சீரகம் எண்டு நினைச்சுக்கொண்டு கூட்டித் தள்ளு தம்பி. நான் ஒண்டையும் காணேல்லை."

"கதவைத் திறந்து வைச்சது நான். எலி இல்லை எண்டு கையெழுத்துப் போட்டதும் நான்."

"அதுக்குத்தானே சொல்லுறன். வெள்ளிக்கிழமை உன்ர வேலைக் கடுதாசி புதுப்பிக்கிற நாள். வாற கிழமை விசா ஒஃபிஸில வரச்சொன்ன டெர்மின். கடுதாசி இல்லாமல் அங்க போய் என்னத்தைக் காட்டப்போறாய்? நாலு புழுக்கைக்காகத் திருப்பிப் பிளேன் ஏறப்போறியே? அந்தக் கோதாரிப் பறவையள் என்ன உனக்கு மாமனா மச்சானா?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஊரில் அப்போது ஷெல் விழுந்துகொண்டிருந்தது. இங்கே என் மனைவிக்கு அது ஆறாம் மாதம். நான் விளக்குமாற்றை எடுத்தேன். இரண்டு புழுக்கையைக் கூட்டியும் விட்டேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இப்படியான கதைகளில் கதை சொல்கிறவன் எப்போதும் நல்லவனாகவே இருப்பான், அதைக் கேட்டு நீங்கள் ஏமாறக்கூடாது.

மூன்றாவதுக்கு வந்தபோது, அந்த ஓட்ஸ் பெட்டியை அங்கே திறக்கப்போவது பறவைக்காரி என்ற நினைப்பு வந்தது. மூடியைத் திறந்து அவள் உள்ளே பார்க்கும் முகம் கண்ணுக்குள் வந்தது. ஏசினால் பரவாயில்லை. அவள் ஏசமாட்டாள், அதுதான் பிரச்சினை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு மேல்மாடிக்குப் போனேன்.

பயணத்தின் தலைவர் ஒரு பேராசிரியர். உயரமான மனிதர், தாடி. சந்தோஷமாக இருந்தாலும் கதவை அறைந்துதான் சாத்துவார். ஜெர்மனில் வினைச்சொல் கடைசியில் வரும் என்று சொல்லி வெள்ளைக்காரரை எல்லாம் வகுப்பில் பயமுறுத்துவார்கள். தமிழனுக்கு அது என்ன புதினம்? ஒரே மூச்சில் சொன்னேன். கதவை நான்தான் திறந்து வைத்தேன், உள்ளே பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், இப்போது புழுக்கை கிடக்கிறது, பெட்டியை ஏற்ற முடியாது.

"இப்போதா சொல்கிறாய்?"

"இப்போதுதான் கண்டேன்."

"கப்பல் காத்திருக்காது!"

"எலியும் காத்திருக்காது."

அவருடைய முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. பெட்டிகளுக்குள் நஞ்சு வைத்து மூடு, போகும் வழியில் சாகும் என்றார். சாகாவிட்டால் என்று கேட்டேன். அவர் தொலைபேசியை எடுத்துத் துறைமுகத்தில் சாமான் பொறுப்பேற்க நின்ற பறவைக்காரியைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, உன்னிடம்தான் கேட்கிறாள் என்று தொலைபேசியை என் கையில் திணித்தார்.

"ஆணா பெண்ணா?" என்றாள்.

"நான் கண்டது புழுக்கையை. கடவுச்சீட்டை இன்னும் பார்க்கவில்லை."

"அப்படியானால் பெண். அதுவும் வயிற்றில் குட்டியோடு. அப்படி நினைத்துக்கொண்டு வேலை செய்." வைத்துவிட்டாள்.

இறப்பர் விளிம்பு வைத்த அலுமினியப் பெட்டிகளுக்குள் எறும்பும் போகாது, அவை போகலாம் என்று முடிவாயிற்று. பிரச்சினை பதினெட்டு மரப்பெட்டிகள். கைப்பிடிக்கு வெட்டிய துளைகளுக்குள் எலி சட்டையைக்கூடக் கழற்றாமல் நுழையலாம். கதவுகளை அடைத்தோம். கீழ் இடுக்குகளில் பழந்துணி திணித்தோம். ஓடினால் கால் தெரியட்டும் என்று தரையெங்கும் கோதுமை மாவைத் தூவினோம். ரெஜினா அக்கா ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டே எனக்கும் எலிக்கும் பேராசிரியருக்கும் சமமாகத் திட்டினார்.

சாப்பாட்டுப் பெட்டி ஏழு. எல்லோருக்கும் அதில்தான் கண். ஒவ்வொரு பொதியாக எடுத்துப் பார்த்தோம். ஒரு ஓட்ஸ் பொதியில் விரல் நுனி அளவு ஓட்டை இருந்தது. எலி இல்லை. மாவில் எங்கள் காலடிகள்தான். பன்னிரண்டரை ஆகிவிட்டது.

தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "தின்றுவிட்டு வெளியே போய்விட்டது. மற்றதெல்லாம் துணியும் கம்பியும். மூடு, ஏற்று."

நிற்கிறவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். என் தலையும் அரைவாசி ஆடிவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் கவனிக்கவேண்டிய இடம் இது. தேடவேண்டிய இடத்தில் தேடிவிட்டோம் என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும், பாருங்கள். அதை நம்பக்கூடாது.

எனக்கு அகதி விடுதி ஞாபகம் வந்தது. பான் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடம், ஓர் அறையில் ஆறு பேர். குசினியில் எலி வந்து தின்னும், நாங்கள் குசினி முழுக்கப் பொறி வைப்போம். ஒரு நாளும் அகப்படாது. கடைசியில் பார்த்தால் அது மூன்றாம் மாடியில் ஒருவருடைய கம்பளிக் காற்சட்டைக்குள் குடியிருந்தது. தின்பது ஓரிடம், படுப்பது ஓரிடம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

"படுக்கை எந்தப் பெட்டியில்?" என்று கேட்டேன்.

"என்ன?"

"நித்திரைப் பை, காலுறை, மெத்தென்று இருப்பது எல்லாம். எந்தப் பெட்டி?"

பதினோராம் இலக்கம். சாப்பாட்டுப் பெட்டிகளிலிருந்து அது ஆறு மீட்டர் தள்ளி நின்றது. ரெஜினா அக்கா மூடியை நெம்பினார். மேலே நித்திரைப் பைகள், ஒன்றுமில்லை. கீழே கம்பளிக் காலுறை, ஒன்றுமில்லை. அதற்கும் கீழே பறவைகளை நிறுக்கும் துணிப்பைகள். நான் ஒன்றைத் தூக்கினேன். பைக்குப் பாரம் இருந்தது.

உள்ளே கடித்துப் பஞ்சாக்கிய துணி. அதற்குள் ஒரு சுண்டெலி எங்களையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. ஓடவில்லை. ஓட முடியாது. வயிற்றோடு ஒட்டி ஆறு குட்டிகள், உரித்த இறால் மாதிரி, கண் திறக்காமல்.

ஆறு என்று நான் எண்ணினேன். ஆறு வாரக் கடற்பயணம். பொதி பொதியாக ஓட்ஸ். தீவில் இறங்கும்போது அந்தக் குட்டிகளே கலியாண வயதில் இருந்திருக்கும். தலைவர் மெல்ல ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். தாடி முழுக்க மா. அவர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். "இது என் தீவுக்குப் போயிருக்கும்," என்று மட்டும் சொன்னார், ஒரு பிள்ளை சொல்வது மாதிரி.

அக்கா பிஸ்கட் தகரத்தில் பஞ்சை வைத்து, தாயையும் குட்டிகளையும் அதில் மாற்றினார். "இப்ப என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேட்டேன்.

"பிள்ளை பெத்தவளைக் கொல்லுறதுக்கோ நான் பூசைக்குப் போறன்? வயல் கரையில விட்டிட்டு வாறன். நீ மற்றப் பெட்டியளைப் பார்."

திறக்காமல் இன்னும் பத்துப் பெட்டி இருந்தன. லொறி வருமுன் ஒன்பதுதான் முடிந்தது. கடைசிப் பெட்டியில் 'நுட்பக் கருவிகள்' என்று எழுதியிருந்தது. தலைவர், அது உடையக்கூடியது, திறக்கவேண்டாம், அப்படியே ஏற்றுங்கள் என்றார். திறக்காத பெட்டி ஏறாது என்றேன். அன்று காலையில் அவருக்கு முன் இரண்டு கையையும் பிசைந்துகொண்டு நின்ற அதே ஆள்தான் நான், ஆனால் ஆறு குட்டிகளைக் கண்ட பிறகு குரல் தானாக வந்தது. திறந்தோம். வைக்கோலுக்குள் வரிசையாகச் சிவப்பு வைன் போத்தல்கள்.

அதற்குள் திரும்பி வந்திருந்த ரெஜினா அக்கா எட்டிப் பார்த்தார். "கருவி நல்லாத்தான் இருக்கு," என்றார், தமிழில். தலைவருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

வைக்கோல் முழுக்க விதை. பெட்டி நின்றுவிட்டது. அந்த முறை தீவுக்குப் போனவர்கள் நாலு மாதம் தேத்தண்ணீர் குடித்தே காலம் கழித்தார்கள். அதற்குக் காரணம் யார் என்று கப்பலில் ஒவ்வொரு நாளும் என் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார்களாம்.

வெள்ளிக்கிழமை என்னை மேல்மாடிக்குக் கூப்பிட்டார்கள். தலைவர் கப்பலோடு போகாமல் விமானத்தில் பின்னால் போய் வழித் துறைமுகத்தில் ஏறிக்கொள்கிறவர், ஆகவே அவரே இருந்தார். மேசையில் இரண்டு தாள். ஒன்று அப்மானுங், அதாவது இனி இப்படிச் செய்தால் வேலை போகும் என்ற எழுத்து எச்சரிக்கை. மற்றது இன்னொரு வருடத்துக்கான வேலை ஒப்பந்தம்.

"கதவைத் திறந்து வைத்தாய், அதற்கு இது," என்றார். "வந்து சொன்னாய், அதற்கு இது." ஒரே பேனையால் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து போய்க் கதவை அறைந்து சாத்தினார். சந்தோஷமாகத்தான் இருந்திருப்பார்.

விசா அலுவலகத்தில் அந்தப் பெண் அதிகாரி இரண்டு தாளையும் பார்த்தாள். பயத்தில் நான் கோப்போடு அப்படியே கொடுத்துவிட்டேன். "இந்த எச்சரிக்கை எதற்கு?" என்றாள்.

"எலி," என்றேன்.

அவள் எட்டி என் தோளுக்கு மேலால் பார்த்தாள். பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. முத்திரையைக் குத்தினாள்.

அந்தக் கதை இப்படி நல்லபடியாக முடிந்ததால், உண்மையைச் சொன்னால் எப்போதும் இரண்டாவது தாளும் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு ஒரு வருடம் வேறு ஒரு பிழையை ஒப்புக்கொண்டபோது எச்சரிக்கை மட்டும்தான் வந்தது. ரெஜினா அக்கா அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்.

அடுத்த வைகாசியில் பறவைக்காரி திரும்பி வந்தாள். முகம் காற்றில் வெடித்திருந்தது, கையில் புதுத் தழும்புகள். சாமான் இறக்கி முடிந்ததும் ஒரு சின்ன ஒலிநாடாக் கருவியைப் பெட்டி கட்டும் மேசையில் வைத்தாள். வளைக்குள் பறவை இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் கை விட்டுப் பார்க்க முடியாது, ஆகவே வாசலில் வாயை வைத்து அந்தப் பறவை மாதிரியே குரல் கொடுப்போம், உள்ளே இருந்தால் பதில் சொல்லும், அப்படித்தான் கணக்கெடுப்போம் என்றாள். அழுத்தினாள்.

முதலில் காற்று. வெறும் காற்று, நெடுநேரம். பிறகு அவளுடைய குரல், தவளைக்குத் தடிமன் வந்து தொண்டை கட்டிய மாதிரி. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நிலத்துக்குக் கீழேயிருந்து, அடைத்த தொண்டையில், கோபமாக ஒரு கர்ர்ர். அவள் இன்னொரு வளைக்கு நகர்வது கேட்டது. குரல் கொடுத்தாள். கர்ர்ர். இன்னொன்று. கர்ர்ர். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வளைகளும் தொடங்கின. பிறகு மேடு முழுக்க, மண்ணே உறுமுவது மாதிரி ஆகிவிட்டது. என்னால் எதையும் தூக்க முடியவில்லை, நின்றுவிட்டேன்.

வாசலில் தலைவர் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. "என்ன சொல்கின்றன?" என்று ரெஜினா அக்காவிடம் கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார்.

அக்காவும் என்னைப் போல அகதியாக வந்தவர். அகதி விடுதியில் நாற்பது பேருக்கு இரண்டு கழிப்பறை. காலையில் வெளியே நின்று தட்டினால் உள்ளேயிருந்து வரும் பதில் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"ஆள் இருக்கு," என்றார்.